பட்ஜ் கிடைக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில வேற என்ன இருக்கு?

ஒட்டுசுட்டான் பக்கத்தில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறா. மகள் தரம் 9, படிக்கிறது ஓஎல் (11ஆம் ஆண்டுச் சோதினை) வரைக்கும் மட்டும் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடம், இந்த வருசம் மாணவத் தலைவர் (பிறிபெக்ட்) பட்ஜ் லிஸ்டில பிள்ளையின்ர பேர் வரேல்ல, சின்னம் சூட்டின நாள் தொடங்கி வீட்டில ஒருதரோடயும் கதையில்லை, சாப்பாடும் குறைவு. வேற என்ன தலைமைத்துவ வாய்ப்பு பள்ளிக்கூடத்தில இருக்கு, உதுகளுக்குப் போனால் படிப்புக் கெடுமோ, நாளைக்குக் கம்பசுக்கோ (பல்கலைக்கழகத்துக்கோ) வேலைக்கோ உதவுமோ எண்டு மூண்டு கேள்வி.

தங்கச்சி, நான் 31 வருசம் படிப்பிச்சு போன வருசம்தான் பென்சன் எடுத்தனான், முக்கால்வாசியும் துணுக்காய், முல்லைத்தீவு கல்வி வலயப் பள்ளிக்கூடங்கள்தான், அதில ஒரு பன்னிரண்டு வருசம் மாணவத் தலைவர்களுக்குப் பொறுப்பாசிரியராவும் இருந்திருக்கிறன், அதால உந்த லிஸ்ட் எப்பிடிப் போடுறது எண்டு எனக்கு வடிவாத் தெரியும். வகுப்பாசிரியர் மூண்டு நாலு பேரைச் சொல்லுவா, ஸ்ராஃப் மீற்றிங்கில ஆரும் ஒருதர் "அந்தப் பிள்ளை கொஞ்சம் வாய் கூட" எண்டுவினம், ஒருதர் "தேப்பனும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில இருக்கிறார் எல்லோ" எண்டுவினம், இடம் பத்து எண்டால் பேர் பதினேழு வரும், கடைசியில அதிபர் பேனையால ஏழு பேரை வெட்டுவார். வெட்டுப்பட்ட பிள்ளை தகுதி இல்லாத பிள்ளை எண்டு அதுக்கு அர்த்தம் இல்லை. உங்கட மகள் 9ஆம் ஆண்டு வேற, ஓஎல் வரைக்கும் உள்ள பள்ளிக்கூடத்தில கூடுதலா 10உம் 11உம்தான் எடுப்பினம், ஆக அடுத்த வருசம் பேர் வரவும் கூடும், வராமல் விடவும் கூடும். அதை மட்டும் பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம் எண்டுதான் இவ்வளவும் எழுதுறன்.

கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லிவிடுறன், ஏனெண்டால் அதில கனபேர் ஏமாறுகினம். கம்பசுக்கு எடுக்கிறது ஏஎல் எண்ட 13ஆம் ஆண்டுச் சோதினையின்ர இசட் புள்ளியைப் (சராசரியோட ஒப்பிட்டுப் போடுற புள்ளி) பாத்து, மாவட்டக் கோட்டாவைப் பாத்து. அதில பிறிபெக்ட் பட்ஜுக்கு ஒரு புள்ளியும் இல்லை. விளையாட்டில, கலையில தேசிய மட்டத்துக்குப் போன பிள்ளையளுக்கு விசேட உள்ளீர்ப்பு எண்டு ஒரு சின்ன வழி இருக்கு, அது வேற கதை. மற்றது, பள்ளிக்கூடம் விட்டு வரேக்க தாற விடுகைப் பத்திரத்திலயும் நற்சான்றிதழிலயும் என்னென்ன பொறுப்பில இருந்தவ எண்டு எழுதுவினம், பிறகு நேர்முகத்துக்குப் போகேக்க அந்தப் பைலைப் புரட்டிப் பாப்பினம். அதில "மாணவத் தலைவர்" எண்டு மட்டும்தான் எழுதலாம் எண்டில்லை, மன்றச் செயலாளர், இல்லத் தலைவி, சாரணிய அணித் தலைவி எல்லாம் எழுதலாம், எழுதிக் கேட்டு வாங்கவும் வேணும், ஏனெண்டால் விடுகைப் பத்திரம் எழுதிற ஆளுக்கு ஆறு வருசத்துக்கு முந்தி உங்கட பிள்ளை என்ன செய்தவ எண்டு ஞாபகம் இராது.

இப்ப பட்ஜ் கிடைச்ச பிள்ளையள் என்ன செய்யினம் எண்டு பாருங்கோ. ஏழு மணிக்கு வாசல்ல நிக்க வேணும், பிந்தி வாற பிள்ளையளின்ர பேர் எழுத வேணும், காலைப் பிரார்த்தனைக்கு வரிசை பிடிக்க வேணும், நகம் பாக்க வேணும், ரீச்சர் வராத வகுப்பில சத்தம் போடாமப் பாக்க வேணும். பொறுப்பான வேலைதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனால் முக்கால்வாசி நேரம் மற்றவையளைப் பார்த்துக்கொண்டு நிக்கிற வேலை. சில இடத்தில கையில தடியும் குடுத்து விடுவினம், அது முழுப்பிழை, பள்ளிக்கூடத்தில அடிக்கிறதை நிப்பாட்டி 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க சுற்றறிக்கை வந்து எத்தினை வருசம், ஆசிரியருக்கே இல்லாத உரிமை பதினாறு வயசுப் பெடியனுக்கு எங்கால வந்தது? நான் பொறுப்பில இருக்கேக்க முதல் நாளே தடியை வாங்கி ஸ்ரோர் ரூமில போட்டிட்டன், பிள்ளையளுக்கு அண்டைக்கு என்னில நல்ல கோவம்.

என்னைக் கேட்டால் ஒரு பள்ளிக்கூடத்தில உள்ள பதவிகளுக்குள்ள ஆகத் திறமானது செயலாளர் பதவி. தலைவர் இல்லை, செயலாளர். இதை நான் எத்தினை தாய் தேப்பனுக்குச் சொல்லி அவை சிரிச்சிருக்கினம்.

வகுப்பு மாணவர் மன்றம் தெரியும்தானே. நீங்களும் இருந்திருப்பீங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம், தேவாரம், தலைவர் உரை, செயலாளர் போன கூட்ட அறிக்கை வாசிக்கிறது, "இவ்வறிக்கையை இன்னார் பிரேரிக்க இன்னார் ஆமோதித்தார்" எண்டு சொல்லிறது, பிறகு ஒரு பேச்சு, ஒரு பாட்டு, ஒரு விடுகதை, நன்றியுரை, மணி. கன பள்ளிக்கூடத்தில இப்ப அந்தப் பாடத்தைக் கணிதத்துக்கு எடுத்துப்போட்டினம், அது ஒரு பெரிய நட்டம். அந்த மன்றத்தில தலைவராய் வாற பிள்ளை முன்னால கதிரையில இருந்து "அடுத்ததாக" எண்டு சொல்லும், அவ்வளவுதான். செயலாளருக்குத்தான் வேலை. வியாழக்கிழமையே ஆர் ஆர் என்ன செய்யப்போகினம் எண்டு கேட்டு நிகழ்ச்சி நிரல் போட வேணும், ஏலாது எண்டு சொல்லிறவையைக் கெஞ்சிப் பிடிக்க வேணும், கூச்சப்படுற பிள்ளைக்கு ஒரு நாலு வரிப் பாட்டாவது குடுத்து மேடையேத்த வேணும், நடந்ததை நடந்தபடி எழுத வேணும், அடுத்த கிழமை எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டு வாசிக்க வேணும்.

எனக்கு நடந்த ஒரு கதை. எட்டாம் ஆண்டு வகுப்பு, நான் வகுப்பாசிரியர். ஒரு வெள்ளிக்கிழமை ஒபிசில அதிபரோட கதைச்சுக்கொண்டு நிண்டு பிந்திப்போனன். அடுத்த கிழமை செயலாளர் எழும்பி வாசிக்கிறா, நல்ல ஒல்லிப் பிள்ளை, குரல் வெளிய வராது, அப்பிடி ஒரு பிள்ளை: "வகுப்பாசிரியர் இருபது நிமிடம் பிந்தி வந்தமையால் கூட்டம் பிந்தி ஆரம்பமானது. ஆகவே இரண்டு நிகழ்ச்சிகள் நடைபெறவில்லை." வகுப்பு முழுக்க மூச்சில்லை. நான் பிள்ளையைப் பாக்கிறன், பிள்ளை கொப்பியைப் பாக்குது, கை நடுங்கிறது தெரியுது, ஆனால் வசனத்தை விழுங்கேல்ல. "இதில திருத்தம் ஏதும் இருக்கோ?" எண்டு கேட்டா, முறைப்படி கேக்க வேணும்தானே. நான் சொன்னன் திருத்தம் ஒண்டும் இல்லை, சரியாத்தான் எழுதியிருக்கு எண்டு. அண்டையில இருந்து அந்த வகுப்புக்கு நான் வெள்ளிக்கிழமை பிந்திப் போனதே இல்லை. முப்பத்தியொரு வருசத்தில எனக்கு முன்னால ஒரு பிள்ளை செய்த ஆகப் பெரிய தலைமைத்துவம் எது எண்டு கேட்டால் நான் உதைத்தான் சொல்லுவன்.

அதே பிள்ளையை நான் திருப்பிக் கண்டது 2018 டிசம்பர் வெள்ளத்தில. இரணைமடு வான்கதவு எல்லாம் திறந்து கிளிநொச்சிப் பக்கமும் எங்கட முல்லைத்தீவுப் பக்கமும் சனம் ராவோட ராவா வெளிக்கிட்டு பள்ளிக்கூடங்களில வந்து இருந்ததே, அந்த நேரம். நானும் ரெண்டு ரீச்சர்மாரும் சமையலுக்கு உதவி செய்யப் போனம். கிராம அலுவலர் நனைஞ்சு கொண்டு வந்து நிண்டு எத்தினை குடும்பம், எத்தினை பேர், பால்மா தேவையான குழந்தையள் எத்தினை எண்டு கேக்கிறார், பெரியாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில ஒவ்வொரு கணக்குச் சொல்லினம். மூலையில இந்தப் பிள்ளை, அப்ப ஏஎல் படிக்கிறா, ஒரு கொப்பியோட இருக்கிறா. குடும்பத் தலைவற்ற பேர், ஆக்கள் தொகை, ஒரு வயசுக்குக் கீழ எத்தினை, மாசமான ஆக்கள், சலரோகத்துக்கு மருந்து எடுக்கிற ஆக்கள், எல்லாம் கோடு கீறி வச்சிருக்கிறா. ஆரும் சொல்லிச் செய்யேல்ல. வந்த உடன எல்லாரும் சாமான் காய வைக்கேக்க அவ ஒவ்வொரு வகுப்பறையாப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறா. அவவுக்கு ஒருநாளும் பிறிபெக்ட் பட்ஜ் கிடைக்கேல்ல, உங்கட மகளுக்கும் உதைச் சொல்லுங்கோ.

சரி, இனி மற்ற இடங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டி, பள்ளிக்கூடப் பிள்ளையளை இல்லம் இல்லமாப் பிரிச்சு நடத்திறது. முதலாம் தவணையில வரும். எங்கட பக்கத்துக் கன பள்ளிக்கூடத்தில ஒரு இல்லத்துக்கெண்டாலும் வன்னியின்ர கடைசி அரசன் பண்டாரவன்னியன்ர பேர் இருக்கும், உங்கட பிள்ளை கற்சிலைமடுவில அந்த நடுகல்லைக் கண்டிருப்பா, 1803இல அவரை வெள்ளைக்காரன் தோக்கடிச்ச இடம் எண்டு கல்லில வெட்டியிருக்கிறது. இல்லத் தலைவி எண்டது வெறும் கொடி பிடிக்கிற வேலை இல்லை. நிகழ்ச்சி ஒவ்வொண்டுக்கும் ஆக்களைப் பிடிக்க வேணும், ஒரு பிள்ளை இத்தினை நிகழ்ச்சிக்கு மேல ஓட ஏலாது எண்ட கணக்குப் பாக்க வேணும், அணிநடைக்கு நாலு வரிசைக்கு ஒரே உயரமாப் பிள்ளையளைத் தேட வேணும், அஞ்சலோட்டத்துக்கு ஆரை விடுறது எண்டு வாற சண்டையைத் தீர்க்க வேணும். பிறகு இல்ல அலங்காரம், கிடுகு ஆர் கொண்டு வாறது, அம்மாவின்ர சாறி ஆர் தாறது, சவுக்குத் தடி எங்க வெட்டுறது, எல்லாத்தையும் விடக் கரைச்சல் காசு. பிள்ளைக்கு ஐம்பது ரூபா எண்டு சேர்ப்பினம், சேர்த்த காசு எவ்வளவு, சோடாவுக்கு எவ்வளவு, கிறேப் பேப்பருக்கு எவ்வளவு எண்டு எழுதி வைக்காத இல்லத் தலைவர் போட்டி முடிஞ்ச அடுத்த நாள் கள்ளன் எண்டு பேர் எடுப்பார். ஒரு பெடியன் அப்பிடி அழுதுகொண்டு என்னட்ட வந்தவன், ஒரு சதமும் எடுக்காத பெடியன், ஆனால் பில் ஒண்டும் இல்லை. அதுக்குப் பிறகு நான் என்ர இல்லத்தில தலைவர் வேற, காசு வச்சிருக்கிற ஆள் வேற, கணக்கு எழுதிற ஆள் வேற எண்டு ஆக்கிப்போட்டன். 9ஆம் ஆண்டுப் பிள்ளைக்கு இல்லத் தலைவி கிடைக்காது, ஆனால் கணக்கு எழுதிற வேலை கேட்டால் ஆரும் மறிக்க மாட்டினம், ஏனெண்டால் அதை ஒருதரும் கேக்கிறேல்ல.

மாணவர் பாராளுமன்றம் எண்டு ஒண்டு இருக்கு, கல்வி அமைச்சின்ர திட்டம், வேட்புமனு, பிரசாரம், வாக்குப்பெட்டி, சபாநாயகர், பிரதமர், கல்வி அமைச்சர், சுகாதார அமைச்சர், சுற்றாடல் அமைச்சர் எண்டு எல்லாம் இருக்கும். தேர்தல் நாள் பிள்ளையளுக்குத் திருவிழா மாதிரி, அதில எனக்குச் சந்தோசம்தான், ரகசியமா வாக்குப் போடுறதெண்டால் என்ன எண்டு பன்னிரண்டு வயசில தெரிஞ்சுகொள்ளுகினம். ஆனால் கன இடத்தில படம் எடுத்துப் பேஸ்புக்கில போட்டதோட அலுவல் முடிஞ்சிடும், பிறகு அமர்வும் இல்லை ஒண்டும் இல்லை. உங்கட மகள் நிக்கப்போறா எண்டால் "நான் பள்ளிக்கூடத்தை மாத்துவன்" எண்டு பேச வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஒரே ஒரு விசயத்தைப் பிடிக்கட்டும். நான் கண்டதில உருப்படியாச் செய்த ஒரு சுகாதார அமைச்சர், ஏழாம் ஆண்டுப் பெடியன், பெட்டையளின்ர மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இல்லை எண்டதை மூண்டு அமர்விலயும் திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதுவிச்சு, கடைசியில அதிபர் சலிச்சுப்போய் மேசனைக் கூப்பிட்டுக் கொண்டி அடிப்பிச்சார். பெடியனாய் இருந்துகொண்டு அதைக் கேட்டவன் எண்டது எனக்கு இண்டைக்கும் வியப்பு. தங்கச்சிமார் மூண்டு பேராம்.

சாரணர் இயக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்ல வேணும், ஏனெண்டால் இதில வயசுக் கணக்கு இருக்கு. இலங்கையில சாரணியம் 1912இலயும் பெண்களுக்கான சாரணியம் 1917இலயும் வந்தது, நூறு வருசத்துக்கு மேலான பழைய இயக்கம், அதால ஒழுங்கும் பரீட்சையும் எல்லாம் எழுதி வச்சிருக்கு, ஆருக்கும் பிடிச்சவை பிடிக்காதவை எண்டு குடுக்க ஏலாது, செய்தால் சின்னம், செய்யாட்டி இல்லை. பெடியளுக்கு உச்சம் ஜனாதிபதி சாரணர் விருது, அதுக்கு முந்தி மாவட்ட ஆணையாளர் நாடா, பிரதம ஆணையாளர் விருது எண்டு படி படியா ஏற வேணும், எல்லாம் 18 வயசுக்குள்ள முடிக்க வேணும். 11 வயசில தொடங்கினவனுக்கே இழுபறியா இருக்கும். பெண் பிள்ளையளின்ர இயக்கத்துக்கு அதுக்குரிய படிகள் தனியா இருக்கு. உங்கட மகளுக்கு 14 எண்டால் இப்பவே சேர வேணும், ஓஎல் முடிஞ்சு பாப்பம் எண்டு விட்டால் கை விட்டமாதிரித்தான்.

ஆனால் விருதை விடுங்கோ. அணி முறைதான் அதில உள்ள சரக்கு. ஆறேழு எட்டுப் பேர் ஒரு அணி, அதில ஒருதர் அணித் தலைவர், பாசறைக்குப் போனால் அந்த எட்டுப் பேருக்கும் சாப்பாடு, கூடாரம், தண்ணி, ராக்காவல் எல்லாம் அந்தப் பிள்ளையின்ர தலையில. மழை வந்து விறகு நனைஞ்சால் சோறு இல்லை, குற்றம் சொல்ல ரீச்சரும் பக்கத்தில இராது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனால் பாருங்கோ, சாரணர் பிள்ளையளும் சென் ஜோன்ஸ் முதலுதவிப் பிள்ளையளும் வெய்யிலுக்க நிண்டு தண்ணி குடுக்கிறதும், மயங்கி விழுற ஆக்களைத் தூக்கிறதும், துலைஞ்ச சின்னப் பிள்ளையை மைக்கில சொல்லித் தாயிட்டக் குடுக்கிறதும். மடுவில ஆவணித் திருவிழாவிலயும் அப்பிடித்தான். அந்தக் கூட்டத்துக்க ஒரு பதினைஞ்சு வயசுப் பிள்ளை நிண்டு "அம்மா, இந்தப் பக்கத்தால வாங்கோ" எண்டு ஒரு பெரியாளைத் திருப்பி விடுறதெண்டால் அதுக்குக் குரல் வேணும், மரியாதையும் வேணும், ரெண்டும் ஒண்டா வாறது லேசில்லை. முதலுதவிப் படை பள்ளிக்கூடத்தில இருந்தால் பெண் பிள்ளையளுக்கு நல்ல இடம், சீருடைச் செலவு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேணும், பழைய மாணவர் சங்கத்திட்டக் கேட்டால் சில இடத்தில உதவி செய்வினம்.

கடேற் எண்டு தேசிய மாணவர் படையணி இருக்கு. ரன்டெம்பேயில பயிற்சி எல்லாம் நடக்கும், ஒழுக்கம் உடற்பயிற்சி எண்டு பாத்தால் திறமானதுதான். ஆனால் எங்கட மண்ணில காக்கி எண்டதும் சில தாய்மாருக்கு வயித்துக்க ஒரு மாதிரிச் செய்யும், அதுக்கு ஆரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. உங்கட வீட்டில கதைச்சு எடுக்க வேண்டிய முடிவு அது. இன்ரறாக்ட், லியோ எண்ட கழகங்கள் 12 வயசில இருந்து 18 வரைக்கும், ஆனால் பட்டினத்து ரோட்டறி, லயன்ஸ் கழகம் ஒண்டு பொறுப்பெடுக்க வேணும், அதால வவுனியா கிளிநொச்சிப் பெரிய பள்ளிக்கூடங்களிலதான் கூட. உங்கட பக்கம் கஸ்ரம்.

சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஆகப் பொருத்தமானது சுற்றாடல் முன்னோடி. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின்ர திட்டம், பதக்கம் படி படியா இருக்கு, உச்சம் ஜனாதிபதி சுற்றாடல் பதக்கம். இதுக்குக் காசும் பெரிசா வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம், மரம் மட்டை குளம் எல்லாம் வாசல்லதானே இருக்கு, கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத வசதி. பொறுப்பாசிரியர் ஒருதர் மட்டும் வேணும். பள்ளிக்கூடத்தில இல்லாட்டி உங்கட மகளே ஆரம்பிக்கலாம், எப்பிடியெண்டு சொல்லிறன்.

அதிபரிட்டத் தனியப் போய் "சேர், எங்களுக்கு ஒரு கழகம் வேணும்" எண்டு கேட்டால் "பாப்பம் பிள்ளை" எண்டு சொல்லுவார், அதோட சரி. அதிபருக்கு நூறு அலுவல், வலயத்தில இருந்து நாளுக்கு நாலு வட்ஸ்அப் வரும், ஆசிரியர் பற்றாக்குறை, அவரிலயும் பிழையில்லை. முதல்ல ஒரு ஆசிரியரைப் பிடிக்க வேணும், விஞ்ஞானம் படிப்பிக்கிறவ, இல்லாட்டி புதுசா வந்த இளம் ரீச்சர், அவைக்குத்தான் உற்சாகம் இருக்கும். பிறகு பத்துப் பதினைஞ்சு பிள்ளையளின்ர பேர், தரம், கையெழுத்து. பிறகு ஒரு பக்கக் கடிதம்: என்ன செய்யப்போறம், எந்த நாள் எத்தினை மணிக்கு, பொறுப்பாசிரியர் ஆர், பள்ளிக்கூடத்திட்ட என்ன கேக்கிறம், ஒண்டும் கேக்கேல்ல எண்டால் அதையும் எழுத வேணும். முதல் மாசம் செய்யப்போறதை ஒண்டே ஒண்டா எழுதச் சொல்லுங்கோ, "குழாயடியில தேங்கி நிக்கிற தண்ணியை வாழைக்கு வெட்டி விடுறது" எண்ட மாதிரி. அதிபர் ஜன்னலால எட்டிப் பாத்தால் காணக்கூடிய வேலையா இருக்க வேணும். வாழை குலை போட்டால் அடுத்த கடிதத்துக்கு அவர் கையெழுத்துப் போட ரெண்டு நிமிசம்தான்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியாலயும் இருக்கு. உங்கட கிராம அலுவலர் பிரிவில சிறுவர் கழகம் இருக்கோ எண்டு பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிட்டக் கேளுங்கோ, 18 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்கானது, கிராமத்தில இருந்து பிரதேசம், மாவட்டம், தேசியம் எண்டு சிறுவர் சபைகள் மேல போகும். இளைஞர் கழகம் 13 வயசில இருந்து 29 வரைக்கும், தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின்ர, ஆனால் அதில இருபத்தைஞ்சு வயசுப் பெடியளும் இருப்பினம், 14 வயசுப் பெட்டைப்பிள்ளையை விட முந்தி ஆர் ஆர் இருக்கினம் எண்டு பாத்துக்கொள்ளுங்கோ. அறநெறிப் பாடசாலையில சின்னாக்களுக்குப் படிப்பிக்க விடுவினம், நாலு வயசுப் பிள்ளையள் இருபது பேரை ஒரு மணித்தியாலம் இருத்தி வச்சிருந்த பிள்ளைக்கு பிறகு எந்த மேடையும் பயமில்லை.

படிப்புக் கெடுமோ எண்டு கேட்டனீங்கள். ஒளிக்காமல் சொன்னால், கெடும், நாலு பதவியைத் தூக்கித் தலையில வச்சால். நான் கண்ட பிழை அதுதான், ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எண்டால் எல்லா ரீச்சரும் அந்தப் பிள்ளையைத்தான் கூப்பிடுவினம், பேச்சுப் போட்டிக்கும் அவ, நாடகத்துக்கும் அவ, வரவேற்பு நடனத்துக்கும் அவ, பிறகு கணிதத்தில முப்பத்தெட்டு. ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன், அதுக்கு மேல வேண்டாம். 11ஆம் ஆண்டு ரெண்டாம் தவணைக்குப் பிறகு பெரிசையும் இறக்கி வைக்கலாம். "ஏலாது ரீச்சர்" எண்டு மரியாதையாச் சொல்லப் பழக்குங்கோ, அதுவும் படிக்க வேண்டிய ஒண்டுதான், என்னை மாதிரி ரீச்சர்மாருக்கு அது பிடிக்காது எண்டாலும்.

மற்றது தூரம். இது கொழும்பில இருந்து வாற தலைமைத்துவப் பயிற்சிக்காரருக்கு விளங்கிறேல்ல. ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் ஒண்டே முக்கால் பஸ்ஸை விட்டால் பிறகு எப்ப எண்டு தெரியாது, சைக்கிளில வாற பிள்ளை எண்டால் காட்டு ரோட்டு, பின்னேரம் அஞ்சு தாண்டினால் யானைப் பயம், மாரியில பாலத்துக்கு மேல தண்ணி. பெண் பிள்ளையளைத் தாய்மார் பயிற்சிக்கு விடாததுக்கு காரணம் கட்டுப்பெட்டித்தனம் இல்லை, உதுதான். அதால ஒரு பொறுப்பை எடுக்க முந்தி கேக்க வேண்டிய முதல் கேள்வி "எத்தினை மணிக்கு முடியும்". மாணவர் மன்றம், நூலகப் பொறுப்பு, சுற்றாடல், முதலுதவி எல்லாம் பாட நேரத்துக்குள்ளயோ இடைவேளையிலயோ செய்யலாம். விளையாட்டு, பாண்ட், நாடகம் எண்டால் பின்னேரம் நிக்க வேணும், அதே பாதையால போற நாலு பிள்ளையளாச் சேர்ந்தால் மட்டும் விடுங்கோ.

2009இல, சண்டை முடிஞ்சு இடம்பெயர்ந்த சனத்தை வச்சிருந்த செட்டிகுளம் முகாமில தறப்பாளுக்குக் கீழ நாங்கள் படிப்பிச்சம், அங்க இருந்தே பிள்ளையள் சோதினையும் எழுதினவை. அங்க பட்ஜும் இல்லை, இல்லமும் இல்லை, மணி அடிக்க மணியும் இல்லை, ஒரு இரும்புத் துண்டு. அதை நேரத்துக்கு அடிக்கிறதுக்கு ஒரு பெட்டை தானா வந்து பொறுப்பெடுத்தா, அவவிட்ட ஒரு கைக்கடிகாரம் இருந்தது, அவ்வளவுதான் அவவின்ர தகுதி. ஒரு நாளும் பிந்தேல்ல. தலைமைத்துவ வாய்ப்பு எங்க இருக்கு எண்டு கேக்கேக்க எனக்கு ஏனோ அந்த இரும்புச் சத்தம்தான் வருது.

நீங்கள் செய்யக்கூடாத ஒண்டு: பள்ளிக்கூடத்துக்குப் போய் "ஏன் என்ர பிள்ளைக்குத் தரேல்ல" எண்டு அதிபரோட கதைக்காதேங்கோ. போற தாய்மாரைக் கண்டிருக்கிறன், அடுத்த வருசம் பேர் வந்தாலும் "தாய் வந்து சத்தம் போட்டுக் கிடைச்சது" எண்டு வகுப்பில கதை வரும், பிள்ளைக்கு அந்தப் பட்ஜ் நெருப்பு மாதிரி இருக்கும். மகள் தானே போய் வகுப்பாசிரியரிட்ட "ரீச்சர், நான் எதில திருந்த வேணும்" எண்டு கேக்கலாம், அது வேற.

அடுத்த தவணை தொடங்கினால் முதல் வெள்ளிக்கிழமை மன்றத்துக்குப் புதுசா ஆக்களைத் தெரிவு செய்வினம். தலைவருக்கு ஆர் எண்டு கேக்கேக்க பத்துக் கை எழும்பும், செயலாளருக்கு ஆர் எண்டு கேக்கேக்க எல்லாரும் நிலத்தைப் பாப்பினம், அப்ப கையைத் தூக்கச் சொல்லுங்கோ. அதுக்கு முந்தி ஒட்டுசுட்டான் சந்திக் கடையில ஒரு 120 பக்க சீஆர் கொப்பி வாங்கி உறை போட்டுக் குடுங்கோ. முதல் பக்கத்தில திகதி போட விடட்டும்.